அனிகட்டில் இருக்கும் கட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மாணவர் பக்கத்தில் அரிய ஆங்கிலச் சொற்கள் என்று ஒரு பெட்டி போட்டிருந்தீர்கள். அதில் நான்காவது சொல் 'அனிகட்'. எதிரே 'ஆற்றின் குறுக்கே நீரைத் தேக்கி வைக்கும் அணை' என்று ஒரே வரி. மற்ற சொற்களுக்கெல்லாம் லத்தீன், கிரேக்கம், பிரெஞ்சு என்று மூலமொழி கொடுத்திருந்தீர்கள், இதற்கு மட்டும் அந்த இடம் காலி. பேராவூரணி பக்கம் புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய்த் தண்ணீரில் நாற்பது வருடத்துக்கு மேல் நெல் போட்டவன் நான், அந்தக் காலி இடத்தைப் பார்த்துவிட்டு மனசு கேட்காமல்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், இது எப்படி என் கண்ணில் பட்டது என்று சொல்லிவிடுகிறேன். என் பேத்தி தஞ்சாவூரில் ஏழாவது படிக்கிறாள், ஸ்பெல்லிங் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். உங்கள் பெட்டியை வாரா வாரம் கத்தரித்து ஒரு நோட்டில் ஒட்டி வைப்பது அவள் வழக்கம். அந்தப் போட்டியில் எழுத்துக்கூட்டு மட்டும் போதாதாம், எந்த மொழியிலிருந்து வந்த சொல் என்றும் கேட்பார்களாம். அன்று சாயங்காலம் போன் போட்டாள். "தாத்தா, அனிகட்டுக்கு எந்த மொழின்னு போடலை. கடைசியில கட்னு வருதே, அப்ப ஆத்தை வெட்டி விடுறதுதானே? வகுப்புல அப்படித்தான் சொன்னாங்க, சுத்த இங்கிலீஷாம்" என்றாள். எனக்கு ஒரு நிமிஷம் பேச்சே வரவில்லை. அவள் அப்பா பிறந்த ஊருக்குத் தண்ணீர் கொண்டுவருகிற சொல் அது, அந்தச் சொல்லையே அவள் வேற்றாள் மாதிரி பார்க்கிறாள். அவளைக் குறை சொல்ல எதுவும் இல்லை, நாம் யாரும் அவளுக்குச் சொல்லவில்லை.

அனிகட் என்பது அணைக்கட்டு. முழுக்க முழுக்கத் தமிழ். அணை, கட்டு என்ற இரண்டு சொல் சேர்ந்தது. தெலுங்கில் ஆனகட்ட, கன்னடத்தில் அணெகட்டு என்று பக்கத்து வீடுகளிலும் உண்டுதான், ஆனால் ஆங்கிலத்துக்குள் போனது நம் வாசல் வழியாக. வெள்ளைக்காரர்கள் அதைக் கேட்ட இடம் தஞ்சாவூர்ச் சீமை.

அந்த 'கட்' எப்படி வந்தது என்பது பேத்தியிடம் சொல்லும்போதுதான் எனக்கே முழுசாக உறைத்தது. கட்டு என்பதன் கடைசி உகரம் குற்றியலுகரம், பாதி மாத்திரைதான். நம் ஊரில் யாராவது வேகமாக 'அணெக்கட்டு' என்று சொல்வதைக் கேளுங்கள், கடைசி எழுத்து உதட்டிலேயே நின்றுவிடும், கேட்பவர் காதில் 'கட்ட்' என்றுதான் விழும். ஆங்கிலேயர் தன் காதில் விழுந்த ஒலிக்குத் தன் மொழியில் இருந்த எழுத்தைப் போட்டார், சி, யூ, டி. அது வெட்டு என்ற பொருள் தரும் அவர்கள் சொல்லாகவும் இருந்தது தற்செயல். ணகரம் அவர்கள் நாக்கில் கிடையாது, அதனால் ணை 'னி' ஆயிற்று. பழைய கடிதங்களில் 'அனகட்' என்றும் எழுதியிருக்கிறார்கள்.

நம் பக்கம் வெட்டாறு என்றே ஓர் ஆறு ஓடுகிறது. வெட்டுவதற்கும் கட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் டெல்டாக்காரனுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. இதே கட்டு ஆங்கிலத்தில் இன்னொரு இடத்திலும் இருக்கிறது, கட்டமரான். நாகப்பட்டினத்துக் கடற்கரையில் மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய கட்டுமரம்தான் அது. அங்கே கட்டு சொல்லின் முன்னால் வருவதால் அதன் உகரம் முழுசாக விழுங்கப்படாமல் 'கட்ட' என்று தங்கியது, இங்கே பின்னால் வருவதால் தேய்ந்து 'கட்' ஆனது. பேத்தி இதைக் கேட்டதும் "அப்ப போட்டும் நம்மளது, டேமும் நம்மளதா!" என்று கத்தினாள். அரசாங்கத்து ஆங்கிலத்தில் இன்றைக்கும் புழங்குகிற 'ஆயகட்' என்பதும் ஆயக்கட்டுதான், ஒரு பாசனத்துக்கு உட்பட்ட நிலப்பரப்பு. கல்லணைக் கால்வாயின் ஆயக்கட்டு இரண்டேகால் லட்சம் ஏக்கருக்கு மேல், அதில் கடைசிக் கடைசியாக என்னுடையதும் கொஞ்சம்.

சரி, மூலம் இது. இனி நீங்கள் கொடுத்த பொருளுக்கு வருகிறேன், அதுவும் சரியில்லை. நீரைத் தேக்கி வைப்பது அனிகட்டின் வேலையே இல்லை.

மேட்டூர் தேக்குகிறது. 120 அடி உயரத்துக்கு, 93.47 டி.எம்.சி. பிடிக்கும். அதை ஆங்கிலத்தில் யாரும் அனிகட் என்று சொல்வதில்லை, டேம் என்பார்கள். கல்லணையில் அப்படி ஒரு தேக்கம் இல்லை. வருகிற தண்ணீரைக் கொஞ்சம் உயர்த்தி, எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பி, மிஞ்சிய வெள்ளத்தை வழிய விடுவது, அதுதான் அனிகட். நாம் தமிழில் இரண்டையும் அணை என்று சொல்லிவிடுவதால் இந்தக் குழப்பம். ஆங்கில நீர்ப்பாசனக்காரர்கள் நம் சொல்லை எடுத்துக்கொண்டு போய் அதற்கு ஒரு குறிப்பான பொருளைக் கொடுத்துவிட்டார்கள்.

இதை முக்கொம்பிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும். அங்கே காவிரி இரண்டாகிறது, வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே வருவது காவிரி, நடுவில் ஸ்ரீரங்கம் தீவு. கிழக்கே வர வர இரண்டும் மறுபடி நெருங்கி, கல்லணை இருக்கிற இடத்தில் கைநீட்டினால் தொட்டுவிடலாம் போல வந்துவிடும். கொள்ளிடம் பள்ளத்தில் போகிற ஆறு, அகலமானது, கடலுக்குக் கிட்டத்தட்ட நேர்வழி. காவிரி மேட்டில் ஓடுவது. பள்ளத்தைக் கண்டால் தண்ணீர் மேட்டில் நிற்குமா? அந்த இடத்தில் தடுக்காமல் விட்டிருந்தால் காவிரித் தண்ணீர் உள்ளாறு வழியாகக் கொள்ளிடத்தில் இறங்கி ஓடிப்போயிருக்கும், தஞ்சாவூரும் திருவாரூரும் நாகையும் வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கும். அதைத் தடுத்துக் காவிரிக்கும் வெண்ணாற்றுக்கும் திருப்புவதுதான் அந்த 1,079 அடி நீளக் கல் கட்டுமானம். வெள்ளம் மிஞ்சினால் கொள்ளிடத்துக்குள் போய்விடும், வயல் தப்பிக்கும். கரிகாலன் கட்டியது என்று வழிவழியாகச் சொல்கிறோம், ஏறக்குறைய இரண்டாயிரம் வருடக் கணக்கு.

என் பெரியப்பா ஒரு கிளை வாய்க்கால் தலைப்பில் லஸ்கராக இருந்தார். ஷட்டரைத் தூக்குவதும் இறக்குவதும், ராத்திரியில் யாராவது மடையைத் திறந்துவிட்டார்களா என்று டார்ச்சோடு கரையில் நடப்பதும் அவர் வேலை. (லஸ்கர் என்பது பாரசீகத்தில் படை என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து ஆங்கிலம் வழியாக நம் பொதுப்பணித் துறைக்கு வந்தது. சொற்கள் அந்தப் பக்கமிருந்தும் வரும், இந்தப் பக்கமிருந்தும் போகும்.) அவர் சொல்வார், அணை என்றால் தண்ணியை மறிக்கிறது இல்லடா, அணைச்சுக் கூட்டிட்டுப் போறது என்று. சின்ன வயதில் அது ஏதோ பெரியவர்கள் பேச்சு என்று விட்டுவிட்டேன். வாழைக்கும் கரும்புக்கும் மண் அணைக்கிறோம் இல்லையா, குழந்தையை அணைத்துக்கொள்கிறோம் இல்லையா, அதே அணைதான். ஓடுகிறதை ஒரு கையால் தழுவித் திருப்புவது. கல்லணையில் நின்று பார்த்தவர்களுக்கு இந்தப் பொருள் கண்ணாலேயே தெரியும்.

இதைவிடப் பழைய சொல் ஒன்றும் நமக்கு இருந்தது, கற்சிறை. தொல்காப்பியத்தில் புறத்திணையியலில் வருகிறது, 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல ஒருவன் தாங்கிய பெருமையானும்' என்று. பாய்ந்து வருகிற படையை ஒற்றை ஆளாக நின்று தாங்குகிற வீரனுக்கு, வேகமாக வருகிற வெள்ளத்தைத் தாங்கும் கல் அணையை உவமை சொல்கிறது. கேட்பவர்களுக்கு அப்படி ஒன்றைப் பார்த்துப் பழக்கம் இருந்தால்தானே இந்த உவமையை வைக்க முடியும். கற்சிறை ஏட்டோடு நின்றுவிட்டது, அணைக்கட்டு ஊர்வாயில் இருந்தது, அதனால் கப்பல் ஏறியது அணைக்கட்டு.

எப்போது ஏறியது? பழைய காகிதங்களில் இருக்கிறது, அதுவும் எங்கள் சீமைக் காகிதங்களில். 1776-இல் சென்னையில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி கவுன்சில், தஞ்சாவூரில் இருந்த படைத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில், கரை பழுதுபார்ப்பதைப் பார்க்க ராஜா அனகட்டுக்குப் போக விரும்பினால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் காவல்படை தஞ்சாவூரை விட்டுப் போவது சரிப்படாது என்கிறார்கள். 1784-இல் லண்டனில் இருந்த கம்பெனி இயக்குநர்கள் எழுதிய கடிதம் இன்னும் தெளிவு. தஞ்சாவூர் நாட்டு விவசாயம் முழுக்கக் காவிரித் தண்ணீரை நம்பி இருக்கிறது, அனிகட்டையும் கரைகளையும் பழுதில்லாமல் வைத்திருந்தால்தான் அந்தத் தண்ணீர் கிடைக்கும், ஆகவே பழைய உத்தரவை மறுபடியும் சொல்கிறோம் என்று. யோசித்துப் பாருங்கள், கடல் தாண்டி லண்டனில் உட்கார்ந்து வரிக்கணக்குப் பார்த்தவர்கள் அதற்கு வேறு சொல் தேடவில்லை. நம் சொல்லையே எழுதினார்கள்.

இந்தக் கடிதங்களை எடுத்துக் காட்டுவது ஹாப்சன் ஜாப்சன் என்கிற அகராதி. இந்தியாவிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களுக்காகவே செய்தது, 1886-இல் வந்தது. செய்தவர்கள் இருவர், ஹென்றி யூல், ஆர்தர் பர்னல். அந்தப் பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். சரஸ்வதி மகால் நூலகத்தில் இருக்கிற சமஸ்கிருதச் சுவடிகளுக்கு முதன்முதலாக ஒழுங்கான அட்டவணை போட்டு 1880-இல் அச்சில் கொண்டுவந்தவரும் அவரே. அகராதி அச்சாகி வருவதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை, 1882-இல் இறந்துவிட்டார். அனிகட் என்ற சொல்லுக்கு அதில் தமிழ்க் கூட்டுச்சொல் என்றே போட்டிருக்கிறது. அதாவது உங்கள் பெட்டியில் காலியாக இருந்த இடத்தை ஏறக்குறைய நூற்று நாற்பது வருடத்துக்கு முன்பே தஞ்சாவூரில் வேலை பார்த்த ஒருவர் நிரப்பி வைத்துவிட்டார்.

அப்புறம் ஆர்தர் காட்டன் என்கிற ஆங்கிலேய இன்ஜினியர். கொள்ளிடம் வருடா வருடம் அதிகத் தண்ணீரை இழுத்துக்கொள்ள, காவிரியில் மணல் ஏறி எங்கள் வாய்க்கால்கள் தூர்ந்துகொண்டிருந்த காலம் அது. அவர் 1836-ஐ ஒட்டிக் கொள்ளிடத்தின் தலைப்பில் முக்கொம்பில் ஒன்றும், கீழே அணைக்கரையில் ஒன்றுமாகக் கட்டினார். மேலணை, கீழணை. ஆங்கிலத்தில் அப்பர் அனிகட், லோயர் அனிகட். நடுவில் இருந்த நம் கல்லணைக்கு மட்டும் கிராண்ட் அனிகட். கீழணைத் தண்ணீர்தான் வடவாறு வழியாக வீராணம் போய் இன்று சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீராகிறது. காட்டன் பிறகு கோதாவரிக்குப் போய் தவளேஸ்வரத்தில் கட்டியது 1852-இல் முடிந்தது, அதற்கும் பெயர் அனிகட்தான். ஆழம் தெரியாத மணலில் அடித்தளம் போடுவது எப்படி என்பதை இந்தப் பழைய கட்டுமானங்களைக் கட்டியவர்களிடமிருந்தே கற்றோம், அது தெரிந்ததால்தான் எங்கள் வேலைகள் நஷ்டப்படாமல் ஜெயித்தன என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். வித்தையை எடுத்துக்கொண்டபோது பெயரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார்கள், அதை மறைக்கவும் இல்லை. அந்த நேர்மைக்காகவே எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை.

இந்தச் சொல் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். என் மைத்துனர் மகன் ராணுவத்தில் இருந்தபோது ராஜஸ்தானில் கொஞ்ச நாள் இருந்தான். லீவில் வந்தவன் சொன்னான், "மாமா, அங்கே ஓடையில ரெண்டாள் உயரத்துக்குச் செவுரு கட்டி வெச்சிருக்காங்க, ஆடு மேய்க்கிற கிழவி கூட அதை எனிகட்னுதான் சொல்லுது" என்று. உண்மைதான், ராஜஸ்தானில் சின்னத் தடுப்பணைக்கு அதுதான் ஊர்ப் பெயர், இந்தி எழுத்தில் அப்படியே எழுதுகிறார்கள். தஞ்சாவூரில் கிளம்பி, ஆங்கிலத்தில் ஏறி, பாலைவனத்துப் பக்கத்தில் இந்தியில் இறங்கியிருக்கிறது. இலங்கையிலும் நீர்ப்பாசன ஆங்கிலத்தில் அனிகட் என்பதே வழக்கு, சிங்களத்தில் அதற்கு அமுண என்று தனிச்சொல் இருந்தும்.

இவ்வளவு தூரம் போன சொல்லை நாம் திரும்ப வாங்கும்போது மட்டும் அடையாளம் தெரியாமல் வாங்குகிறோம். இதுதான் எனக்கு வருத்தம், இது உங்கள் பத்திரிகைக்கு மட்டும் இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறந்து, மூன்று நாலு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்து, மலரும் நெல்லும் தூவித் திறந்துவிட்டதும் மறுநாள் செய்தியில் பாருங்கள், 'கிராண்ட் அனிகட் கால்வாயில் இத்தனை கனஅடி' என்று வரும். சில இடத்தில் 'ஜி.ஏ. கேனல்'. நாங்கள் புது ஆறு என்று சொல்வோம், 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்தது என்பதால் இன்னும் எங்களுக்கு அது புதுசு. அரசாங்கக் காகிதத்தில் கல்லணைக் கால்வாய் என்ற அழகான பெயர் இருக்கிறது. இந்த இரண்டும் இருக்கும்போது, தமிழை ஆங்கிலமாக்கி அந்த ஆங்கிலத்தை மறுபடி தமிழ் எழுத்தில் எழுதி எங்களிடம் ஏன் கொடுக்க வேண்டும்? கடைமடையில் தண்ணீர் எப்போது வரும் என்று பேப்பரைப் பார்த்துக் காத்திருக்கிற ஆளுக்கு இது வெறும் மொழிப் பிரச்சினை கூட இல்லை.

2018 ஆகஸ்டில் நடந்ததைச் சொல்கிறேன். 22-ஆம் தேதி ராத்திரி முக்கொம்பு மேலணையில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் வெள்ளத்தில் போய்விட்டன. வெளிநாட்டில் இருக்கும் என் மகன் ஆங்கிலச் செய்தியில் 'அனிகட் உடைந்தது' என்று மட்டும் பார்த்துவிட்டு, கல்லணைதான் போய்விட்டது என்று பதறி விடியற்காலையில் போன் பண்ணினான். நான் திருச்சியில் ஒருவரை எழுப்பிக் கேட்டுச் சொல்லும் வரை அவனுக்கு உயிர் இல்லை. மேல் எது, கீழ் எது, கல்லணை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடைத்தால் இப்படித்தான் ஆகும். மேலணை, கல்லணை, கீழணை என்று எழுதினால் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் எது எங்கே என்று பிடிபடும்.

ஆங்கிலத்தில் எழுதும்போது அனிகட் என்று எழுதுவதில் எனக்கு ஆட்சேபமே இல்லை, அது அங்கே போய்க் குடியேறிய நம் பிள்ளை, அந்த ஊர் உடுப்பில் இருக்கட்டும். மாணவர் பக்கத்தில் அதைப் போட்டதற்கு உங்களுக்கு நன்றியும் சொல்ல வேண்டும், நீங்கள் போடாவிட்டால் என் பேத்தி கேட்டிருக்க மாட்டாள், நானும் பெரியப்பாவை நினைத்திருக்க மாட்டேன். நான் கேட்பது இரண்டே காரியம். தமிழ்ச் செய்தியில் கல்லணைக் கால்வாய் என்று எழுதுங்கள். வருகிற ஞாயிறு அந்தப் பெட்டியில் ஒரு திருத்தம் போடுங்கள், 'அனிகட்: ஆற்று நீரைச் சற்று உயர்த்தி வாய்க்கால்களுக்குத் திருப்பிவிடும் அணை, மிகுந்த நீர் வழிந்து போகும், மூலம் தமிழ், அணைக்கட்டு' என்று. நான் போனில் சொன்னதை அவள் எழுதிக்கொள்ள மறுத்துவிட்டாள், பேப்பரில் வந்தால்தான் ஒட்டுவாளாம். நோட்டில் அந்தச் சொல்லுக்கு எதிரே இரண்டு விரல்கடை அகலத்துக்கு இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
புது ஆற்றுக் கடைமடை விவசாயி,
பேராவூரணி வட்டம், தஞ்சாவூர் மாவட்டம்.